மின்சுற்றுக் கணக்கை அடியிலிருந்து பிடிப்பது எப்படி?

மின்னியல் பாடத்தில் சூத்திரங்கள் அதிகமில்லை. பள்ளி முடியும்வரை தேவைப்படுவதை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். இருந்தும், மூன்று மின்தடைகளைக் கொஞ்சம் கோணலாக வரைந்து கொடுத்தால் பலருக்கும் கை அப்படியே நின்றுவிடுகிறது. சூத்திரம் மனப்பாடம்தான், சுற்றில் எது ஓடுகிறது, எது செலவாகிறது என்பதில்தான் குழப்பம்.

அதனால் சூத்திரங்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இரண்டு கணக்குகளைப் பிடித்துக்கொள்வோம். ஒன்று மின்னூட்டக் கணக்கு: சுற்றில் மின்னூட்டம் எங்கும் புதிதாக உண்டாவதில்லை, எங்கும் காணாமல் போவதுமில்லை. இன்னொன்று ஆற்றல் கணக்கு: மின்கலம் ஒவ்வொரு கூலூம் மின்னூட்டத்துக்கும் எவ்வளவு ஆற்றல் கொடுக்கிறதோ, அந்த மின்னூட்டம் சுற்றை முழுதாக வலம் வந்து முடிப்பதற்குள் அவ்வளவும் செலவாகிவிடும். தொடரிணைப்பு, பக்க இணைப்பு, அகமின்தடை, ஃப்யூஸ் எல்லாமே இந்த இரண்டிலிருந்து வருபவைதான். 1845-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் வகுத்த இரண்டு விதிகளும் இவையே.

படி 1: கம்பிக்குள் ஓடுவது எது?

தாமிரம் போன்ற உலோகத்தில் அணுவுக்கு ஏறக்குறைய ஓர் எலக்ட்ரான் வீதம் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் அலைந்துகொண்டிருக்கும். இவைதான் கட்டுறா எலக்ட்ரான்கள். மின்கலத்தை இணைக்காதபோதும் அவை சும்மா இருப்பதில்லை. ஆனால் எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடுவதால், மொத்தத்தில் எந்தப் பக்கமும் நகர்வு இருக்காது. மின்கலத்தை இணைத்ததும் அந்தத் தாறுமாறான ஓட்டத்தோடு ஒரே பக்கமான மெல்லிய நகர்வு ஒன்று சேர்ந்துகொள்கிறது. அதுதான் மின்னோட்டம்.

மின்னூட்டத்தின் அலகு கூலூம். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம். அப்படியென்றால் 1 கூலூம் சேர ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள் வேண்டும். கம்பியின் ஒரு குறுக்குவெட்டை ஒரு வினாடியில் 1 கூலூம் கடந்தால் மின்னோட்டம் 1 ஆம்பியர்.

மின்னோட்டம் = மின்னூட்டம் ÷ நேரம்

திசை விஷயத்தில் ஒரு பழைய சிக்கல் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் நேர், எதிர் என்று பெயரிட்டபோது எலக்ட்ரான் என்ற ஒன்று யாருக்கும் தெரியாது. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தபோது அது எதிர் மின்னூட்டம் கொண்டதாக இருந்தது. ஆகவே மின்னோட்டத்தின் திசை நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு என்று வரைகிறோம். எலக்ட்ரான்கள் நகர்வதோ அதற்கு எதிர்த்திசையில். கணக்குக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. படம் முழுக்க ஒரே வழக்கத்தைப் பின்பற்றினால் போதும்.

வேகத்தைக் கேட்டால் பலரும் நம்பமாட்டார்கள். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அப்படியானால் சாவியைப் போட்டதும் விளக்கு எப்படி உடனே எரிகிறது? சைக்கிள் செயினைப் பாருங்கள். மிதித்ததும் பின்சக்கரம் சுற்றுகிறது. பெடல் பக்கம் இருந்த கண்ணி பின்னால் போய்ச் சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கம்பியிலும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. சாவியை மூடியதும் மின்புலம் சுற்று முழுக்க ஒளியின் வேகத்துக்கு நெருக்கமான வேகத்தில் பரவி, எல்லா இடத்திலும் இருக்கும் எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகர்த்திவிடுகிறது.

இதிலிருந்தே முக்கியமான ஒன்று புரிய வேண்டும்: விளக்கு மின்னோட்டத்தைத் தின்பதில்லை. விளக்குக்குள் 0.3 ஆம்பியர் நுழைந்தால் வெளியே வருவதும் 0.3 ஆம்பியர்தான். விளக்குக்கு முன்னால் ஓர் அம்மீட்டர் (மின்னோட்டத்தை அளக்கும் கருவி), பின்னால் ஓர் அம்மீட்டர் வைத்தால் இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும். ஆய்வகத்தில் வாய்ப்புக் கிடைத்தால் இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

படி 2: செலவாவது எது?

செலவாவது ஆற்றல். இரண்டு புள்ளிகளுக்கு இடையே 1 கூலூம் நகரும்போது 1 ஜூல் ஆற்றல் கைமாறினால், அந்தப் புள்ளிகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாடு 1 வோல்ட். 1800-இல் முதல் மின்கல அடுக்கை அறிவித்த வோல்டாவின் பெயர்தான் இந்த அலகுக்கு. 1.5 வோல்ட் மின்கலம் என்றால், தன்னைக் கடக்கும் ஒவ்வொரு கூலூமுக்கும் அது 1.5 ஜூல் கொடுக்கிறது என்று படிக்க வேண்டும்.

வரையறையிலேயே ‘இரண்டு புள்ளிகள்’ இருப்பதைக் கவனியுங்கள். மின்னோட்டம் ஓரிடத்தில் ஓடுகிறது. மின்னழுத்த வேறுபாடு இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கிறது. அதனால்தான் அம்மீட்டரைச் சுற்றுக்குள் தொடராக நுழைக்கிறோம், வோல்ட்மீட்டரைக் கருவியின் இரு முனைகளிலும் பக்கவாட்டில் இணைக்கிறோம். அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு, இல்லாவிட்டால் அளக்க வந்த ஓட்டத்தையே அது குறைத்துவிடும். வோல்ட்மீட்டரின் மின்தடை மிக அதிகம், இல்லாவிட்டால் அதன் வழியாகவே கணிசமான மின்னோட்டம் போய்விடும். இரண்டையும் இடம்மாற்றி இணைத்தால் என்ன ஆகும் என்பது தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி. வோல்ட்மீட்டரைத் தொடராகப் போட்டால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். அம்மீட்டரை மின்கலத்தின் இரு முனைகளிலும் நேராகப் போட்டால் அது ஷார்ட் சர்க்யூட், கருவி கெட்டுப்போகக்கூடும்.

சரி, இப்போது என்னுடைய கருத்தில் எந்தச் சூத்திரத்தையும்விட அதிகம் உதவும் உத்தி ஒன்று. படத்தைப் பார்த்ததும் கணக்குப் போடத் தொடங்காதீர்கள். வண்ணப் பென்சிலை எடுத்து, மின்கலத்தின் நேர்முனையிலிருந்து கம்பியைத் தொடர்ந்து சிவப்பாகத் தீட்டிக்கொண்டே போங்கள். ஒரு மின்தடையோ விளக்கோ வந்தால் நிறுத்துங்கள். வளைந்தாலும் கிளை பிரிந்தாலும் கம்பி தொடரும்வரை சிவப்புதான். மின்தடைக்கு மறுபக்கம் வேறு வண்ணம். இப்படி எல்லாக் கம்பிகளையும் தீட்டி முடித்தால், ஒரே வண்ணம் உள்ள இடங்கள் எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பவை. இரண்டு மின்தடைகளின் இரு முனைகளிலும் அதே இரண்டு வண்ணங்கள் இருந்தால் அவை பக்க இணைப்பு. படத்தில் ஒன்று நேராகவும் மற்றொன்று சாய்வாகவும் இருந்தாலும் சரி. ஒரு மின்தடையின் இரு முனையும் ஒரே வண்ணமென்றால் அதில் மின்னோட்டமே இல்லை, அதை அழித்துவிடலாம். கோணலான படங்களின் பயம் பெரும்பாலும் இந்த இடத்தில் தீர்ந்துவிடும்.

படி 3: மின்தடையும் ஓம் விதியும்

1827-இல் ஜார்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட முடிவு இது: வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு கடத்தியின் முனைகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாடு அதில் ஓடும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

மின்னழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × மின்தடை

இதை முக்கோணமாக வரைந்து விரலால் மறைத்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. என்னைக் கேட்டால் அது வேண்டாம். விடை கிடைக்கும், பொருள் கிடைக்காது. அதைவிட முக்கியம், மூன்று அளவுகளும் ஒரே பொருளைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பது. மின்கலத்தின் வோல்ட்டையும் ஏதோ ஒரு மின்தடையின் ஓமையும் எடுத்து வகுப்பதுதான் விடைத்தாள்களில் சாதாரணமாக நடக்கும் பிழை. அந்த மின்தடைக்கு மின்கலத்தின் முழு வோல்ட்டும் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சோதனையில் 0.2, 0.4, 0.6 ஆம்பியருக்கு 1, 2, 3 வோல்ட் கிடைத்தால், மின்னோட்டத்தைக் கிடைமட்ட அச்சிலும் மின்னழுத்த வேறுபாட்டைச் செங்குத்து அச்சிலும் குறித்து வரையுங்கள். ஆதிப்புள்ளி வழியாக ஒரு நேர்கோடு வரும். அதன் சாய்வு 5, ஆகவே மின்தடை 5 ஓம். அச்சுகளை மாற்றி வரைந்திருந்தால் சாய்வின் தலைகீழ்தான் மின்தடை. கேள்வியில் அச்சுகளின் பெயரைப் படிக்காமல் சாய்வைக் கணக்கிடாதீர்கள்.

விளக்கின் இழைக்கு இந்தக் கோடு நேராக வராது. சூடேறச் சூடேற டங்ஸ்டனின் மின்தடை கூடுவதால், மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டக் கோடு மேலும் செங்குத்தாக வளையும். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடும் ஓம் விதிக்குக் கட்டுப்படாது. ஆக, ஓம் விதி சில பொருள்கள் குறிப்பிட்ட நிலையில் காட்டும் குணம், அவ்வளவே. மேலே சொன்ன இரண்டு கணக்குகளோ எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

ஒரு கம்பியின் மின்தடை அதன் நீளத்துக்கு நேர்விகிதம், குறுக்குப்பரப்புக்கு எதிர்விகிதம். மீதி அந்தப் பொருளின் மின்தடை எண்ணைப் பொறுத்தது. தாமிரத்துக்கு அது சுமார் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர், நிக்ரோமுக்கு ஏறத்தாழ 1.1 × 10⁻⁶ ஓம் மீட்டர், அதாவது அறுபது மடங்குக்கும் மேல். இணைப்புக் கம்பி தாமிரத்திலும் சூடேற்றும் சுருள் நிக்ரோமிலும் இருப்பது இதனால்தான். ஒரு கம்பியை இருமடங்கு நீளமாக இழுத்தால் மின்தடை எத்தனை மடங்காகும்? இரண்டு என்று சொல்லத் தோன்றும். நீளம் கூடும்போது பருமன் குறைகிறது. கம்பியின் கன அளவு மாறாததால் குறுக்குப்பரப்பு பாதியாகிவிடும். விடை நான்கு மடங்கு.

படி 4: இணைப்புகள்

தொடரிணைப்பில் கிளை இல்லை. மின்னூட்டக் கணக்குப்படி எல்லா மின்தடையிலும் ஒரே மின்னோட்டம். ஆற்றல் கணக்குப்படி ஒவ்வொன்றின் வோல்ட்டையும் கூட்டினால் மின்கலத்தின் வோல்ட். ஆகவே மின்தடைகள் அப்படியே கூடும்.

பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே வோல்ட். சந்தியில் மின்னோட்டம் பிரிகிறது. பிரிந்தவற்றைக் கூட்டினால் மொத்தம். அதனால் மின்தடைகளின் தலைகீழ்கள் கூடுகின்றன. கடைசியில் கிடைத்ததைத் திரும்பத் தலைகீழாக்க மறந்துவிடுவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல். அதைப் பிடிக்க எளிய வழி உண்டு: பக்க இணைப்பின் தொகுபயன் மின்தடை, அதிலுள்ள மிகச் சிறிய மின்தடையைவிடவும் சிறியதாகத்தான் இருக்கும். பாதை ஒன்று கூடினால் ஓட்டம் கூடும், தடை குறையும். பெருக்கலைக் கூட்டலால் வகுக்கும் குறுக்குவழி இரண்டு மின்தடைகளுக்கு மட்டும். மூன்றுக்கு அது செல்லாது.

படி 5: ஒரு சுற்றை முழுதாகத் தீர்ப்போம்

12 வோல்ட் மின்கலத் தொகுப்பு. அதோடு 4 ஓம் தொடராக, அதற்கடுத்து 6 ஓமும் 12 ஓமும் பக்க இணைப்பில்.

1. முதலில் பக்க இணைப்பைச் சுருக்குவோம்: (6 × 12) ÷ (6 + 12) = 4 ஓம். 6-ஐவிடச் சிறியது, சரி.
2. தொடரில் கூட்டினால் 4 + 4 = 8 ஓம்.
3. மொத்த மின்னோட்டம் 12 ÷ 8 = 1.5 ஆம்பியர். இது மின்கலத்திலும் 4 ஓமிலும் ஓடுவது.
4. இனித் திரும்பி வருவோம். 4 ஓமுக்கு 1.5 × 4 = 6 வோல்ட். மீதி 12 − 6 = 6 வோல்ட் பக்க இணைப்புக்கு.
5. 6 ஓமில் 6 ÷ 6 = 1 ஆம்பியர்; 12 ஓமில் 6 ÷ 12 = 0.5 ஆம்பியர்.
6. சரிபார்ப்பு: 1 + 0.5 = 1.5. மின்னூட்டக் கணக்கு நேராகிவிட்டது. மின்கலம் வினாடிக்குக் கொடுப்பது 12 × 1.5 = 18 ஜூல்; மின்தடைகளில் செலவாவது 9 + 6 + 3 = 18 ஜூல். ஆற்றல் கணக்கும் நேர்.

ஆறாவது படியை யாரும் கேட்பதில்லை. ஆனால் விடை சரியா என்பதை அரை நிமிடத்தில் சொல்லிவிடும்.

இப்போது 12 ஓம் கிளையை மட்டும் அறுத்துவிடுங்கள். 6 ஓமில் எவ்வளவு ஓடும்? ‘அது பழையபடி 1 ஆம்பியர்தானே, அதன் கிளையை யாரும் தொடவில்லையே’ என்று தோன்றும். போட்டுப் பார்ப்போம். மொத்தம் இப்போது 10 ஓம், மின்னோட்டம் 1.2 ஆம்பியர். ஆகவே 6 ஓமில் 1.2 ஆம்பியர் ஓடுகிறது, அதன் வோல்ட் 6-லிருந்து 7.2 ஆக ஏறிவிட்டது. 4 ஓமின் வோல்ட்டோ 6-லிருந்து 4.8 ஆக இறங்கிவிட்டது. ஓரிடத்தில் கை வைத்தால் சுற்று முழுக்க மாறும். ‘மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தை அனுப்பும்’ என்ற எண்ணம் மனதில் இருந்தால் இந்த மாதிரிக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்வோம். இலட்சிய மின்கலம் நிலையாக வைத்திருப்பது வோல்ட்டை. எவ்வளவு ஓடும் என்பதைச் சுற்றுதான் தீர்மானிக்கிறது.

படி 6: மின்கலத்தின் உள்ளே

உண்மையான மின்கலம் அந்த வோல்ட்டையும் நிலையாக வைத்திருப்பதில்லை. அதற்குள்ளேயே கொஞ்சம் மின்தடை இருக்கிறது. அதைத் தொடரிணைப்பில் இன்னொரு மின்தடையாக வரைந்துகொள்ளுங்கள். மின்னியக்கு விசை (எதையும் இணைக்காதபோது மின்கலம் காட்டும் வோல்ட்) 1.5 வோல்ட், அகமின்தடை (அந்த உள் மின்தடை) 0.5 ஓம், வெளியே 2.5 ஓம் என்றால் மின்னோட்டம் 1.5 ÷ 3 = 0.5 ஆம்பியர். உள்ளே 0.25 வோல்ட் செலவாகிவிடும், வெளியே கிடைப்பது 1.25 வோல்ட். பழைய மின்கலத்தைத் தனியே வோல்ட்மீட்டரில் வைத்தால் நல்ல அளவு காட்டும், விளக்கோடு இணைத்ததும் மங்கிப்போகும். அகமின்தடை கூடிப்போனதன் அடையாளம் அது.

படி 7: திறனும் சூடும்

ஒரு வினாடியில் கைமாறும் ஆற்றல் மின்திறன். மின்னழுத்த வேறுபாடு × மின்னோட்டம் = மின்திறன், அலகு வாட். ஓம் விதியைச் சேர்த்தால் இன்னும் இரண்டு வடிவங்கள் வரும்: மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை, மின்னழுத்த வேறுபாட்டின் இருமடி ÷ மின்தடை. முதல் வடிவத்தில் மின்தடை கூடினால் திறன் கூடுகிறது, இரண்டாவதில் குறைகிறது. முரண்பாடு மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. தொடரிணைப்பில் மின்னோட்டம் பொது, ஆகவே முதல் வடிவம். பக்க இணைப்பில் வோல்ட் பொது, ஆகவே இரண்டாவது.

230 வோல்ட்டுக்கான 60 வாட், 100 வாட் இழை விளக்குகளை எடுத்துக்கொள்வோம். மின்தடைகள் சுமார் 882 ஓம், 529 ஓம். பக்க இணைப்பில் 100 வாட் விளக்குத்தான் பிரகாசம். இரண்டையும் தொடராக 230 வோல்ட்டில் இணைத்தால் மின்னோட்டம் சுமார் 0.163 ஆம்பியர், 60 வாட் விளக்கு ஏறத்தாழ 23 வாட்டும், 100 வாட் விளக்கு 14 வாட்டும் எடுக்கும். 60 வாட் விளக்கே முந்துகிறது. (இழை அவ்வளவு சூடேறாததால் உண்மையில் மின்தடைகள் குறைவாக இருக்கும், பள்ளிக் கணக்கில் மாறாது என்றே கொள்வோம்.) விளக்கின்மேல் எழுதியிருக்கும் வாட், அதற்குரிய வோல்ட்டைக் கொடுத்தால் மட்டுமே உண்மை.

ஆற்றலைப் பெரிய அளவில் எண்ணக் கிலோவாட் மணி. 1000 வாட் × 3600 வினாடி, அதாவது 3.6 × 10⁶ ஜூல். பெயரில் வாட் இருந்தாலும் இது ஆற்றலின் அலகு, திறனுடையது அல்ல.

படி 8: சுற்று கெட்டுப்போனால்

கெடுவது இரண்டு விதம். ஒன்று, மின்தடை மிகக் குறைந்த குறுக்குப் பாதை உண்டாவது. மின்னோட்டம் பல மடங்கு ஏறும், சூடு அதன் இருமடியில் ஏறும். அதைத் தடுக்கவே ஃபேஸ் கம்பியில் (வீட்டுக்கு மின்னழுத்தம் வரும் கம்பி) தொடராக ஃப்யூஸ். 230 வோல்ட்டில் 2000 வாட் சூடேற்றி 8.7 ஆம்பியர் எடுக்கும். 5 ஆம்பியர் ஃப்யூஸ் உருகிவிடும், 10 ஆம்பியர் பொருந்தும். 30 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டாலும் சூடேற்றி வேலை செய்யும்தான், ஆனால் மெல்லிய கம்பி காய்ந்து தீப்பிடிக்கும் நிலைக்கு வந்தாலும் ஃப்யூஸ் அசையாது. (சோதனைகளை மின்கலத்தில் மட்டும் செய்யுங்கள், சுவரிலிருந்து வரும் மின்சாரம் இதற்கில்லை.)

இன்னொன்று, எங்கோ அறுந்துபோவது. 3 வோல்ட்டில் இரண்டு விளக்குகள் தொடராக இருக்கின்றன, ஒன்றும் எரியவில்லை. எது கெட்டது? மின்னோட்டம் இல்லாததால் நல்ல விளக்கில் வோல்ட் சுழி. ஆற்றல் கணக்குப்படி 3 வோல்ட்டும் எங்கேயாவது இருந்தாக வேண்டும், அது அறுந்த இடத்தில்தான் இருக்கும். நல்ல விளக்கு 0 வோல்ட்டும் கெட்ட விளக்கு 3 வோல்ட்டும் காட்டுவது இப்படித்தான். 3 காட்டுவதுதான் நல்ல விளக்கு என்று எடுத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிப் போடுபவர்கள் நிறைய.

இரண்டு இடத்தில் அறுந்திருந்தால் தனித்தனியாக அளக்கும்போது இரண்டுமே 0 காட்டும். அப்போது வோல்ட்மீட்டரின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனையிலேயே வைத்துவிட்டு, மற்றொன்றை நேர்முனையில் தொடங்கிச் சுற்று வழியாக ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள். முதல் அறுப்பு வரும்வரை 3 வோல்ட், அதைத் தாண்டியதும் 0. அதைச் சரிசெய்துவிட்டு அங்கிருந்து மேலே போனால் அடுத்ததும் சிக்கும்.